ஆயில் மாற்றிய பிறகும் எரியும் சர்வீஸ் விளக்கு: எப்படி அணைப்பது, எப்போது அணைக்கக் கூடாது

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் எங்கள் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. தெற்கே கொஞ்ச தூரம் போனால் மறைமலை நகர். ஃபோர்டின் ஈகோஸ்போர்ட் கார்கள் அங்கேதான் தயாராயின. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக அறிவித்தது. அடுத்த வருஷம் பாதியில் இங்குள்ள ஆலையிலும் கார் வேலை முடிந்துவிட்டது. உதிரி பாகங்களும் சர்வீஸும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. ஆனாலும் வாரண்டி முடிந்த வண்டிக்காரர்கள் பலர், வீட்டுக்குப் பக்கத்தில் தெரிந்த ஆளிடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்களைப் போன்ற கடைகளுக்கு வர ஆரம்பித்தார்கள்.

அப்படி வருகிறவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "போன மாசம்தான் வேற இடத்துல ஆயில் மாத்தினேன் அண்ணே. இன்னும் மாத்தச் சொல்லி மீட்டர்ல காட்டுது. நிஜமாவே மாத்தினாங்களா, இல்ல ஏமாத்திட்டாங்களா?" ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் பெரும்பாலும் ஆயில் புதுசாகத்தான் இருக்கும். ஃபில்டரும் புதுசு. வேலை செய்தவர் ஒழுங்காகவே செய்திருக்கிறார். கடைசியில் அரை நிமிஷம் செலவழித்து மீட்டரில் உள்ள கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வருவதை மட்டும் விட்டிருக்கிறார். அதை நீங்களே செய்துகொள்ளலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் இந்த விளக்கு ஆயிலைத் தொட்டுப் பார்த்து எதையும் சொல்வதில்லை. கடைசியாக ரீசெட் செய்த நாளிலிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை நாள் ஆனது என்று எண்ணிக்கொண்டே வருகிறது, அவ்வளவுதான். பல கார்களில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அப்போது எரியும். கொஞ்சம் விவரமான கார்களில் எஞ்சின் எவ்வளவு சுற்றியது, எவ்வளவு சூட்டில் ஓடியது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். அதுவும் கணக்குதான். நீங்கள் புது ஆயில் ஊற்றியதை அதற்குச் சொல்லாவிட்டால் அது பழைய எண்ணிக்கையிலேயே நிற்கும். ஊற்றாமல் ஊற்றிவிட்டதாகச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடும். இந்த இரண்டாவது விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த விளக்கு என்று முதலில் பாருங்கள்

நாம் பேசுவது பல கார்களில் வரும் ஸ்பேனர் வடிவ விளக்கைப் பற்றி, அல்லது சர்வீஸ் செய், ஆயில் மாற்று என்று ஆங்கிலத்தில் வரும் ஒரு வரியைப் பற்றி. சாவியை ஆன் செய்ததும் சில விநாடி வந்துவிட்டுப் போகும், அல்லது மஞ்சளாக நிற்கும்.

மூக்கு வைத்த எண்ணெய்க் கேன் மாதிரி சிவப்பில் ஒரு விளக்கு இருக்கிறதே, அது வேறு. அது ஆயில் பிரஷர் விளக்கு. சாவி போட்டதும் எரிய வேண்டும், எஞ்சின் ஓட ஆரம்பித்த ஓரிரு விநாடியில் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் எஞ்சினுக்குள் ஆயில் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். வண்டியை ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். "அடுத்த பங்க் வரை போயிடலாம்" என்று ஓட்டினால் பேரிங், கிராங்க் எல்லாம் போய்விடும். இதற்கு ரீசெட் என்று ஒன்று கிடையவே கிடையாது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் வேறு. அது ஏதோ சென்சாரோ, எரிபொருள் வழியோ, புகை வழியோ கோளாறு என்று சொல்கிறது. ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ரீசெட் செய்வதற்கு முன்

எங்கள் கடையில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். எல்லா வேலையும் முடிந்து, வண்டியைச் சரிபார்த்த பிறகுதான் ரீசெட். தம்பி ஒருவன் ஆயில் வடிந்துகொண்டிருக்கும்போதே மேலே உட்கார்ந்து ரீசெட் செய்யப் பார்ப்பான், நான் விடமாட்டேன். நடுவில் ஒரு போன் வந்து, ஆள் மாறி, வேலை பாதியில் நின்றால் மீட்டர் மட்டும் "எல்லாம் முடிந்தது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆகவே, ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டார்களா என்று கேளுங்கள். கழற்றிய பழைய ஃபில்டரைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். எஞ்சினைச் சில நிமிஷம் ஓடவிட்டு, சிவப்பு விளக்கு அணைகிறதா என்று பார்த்து, கீழே குனிந்து போல்ட்டிலும் ஃபில்டரிலும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சமதரையில் ஐந்து பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மேல் குறியைத் தாண்டியிருந்தால் அதுவும் தவறுதான், கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள்.

எந்த ஆயில் ஊற்றினார்கள் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஈகோஸ்போர்ட் டீசலுக்கு 5டபிள்யூ-30, ஃபோர்டின் டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி913-டி தரம். ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் பெட்ரோல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே ஓடுகிறது. அதற்கென்று சொல்லப்பட்டது 5டபிள்யூ-20, ஃபோர்டின் டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி தரம். கடையில் இருக்கிற ஏதோ ஒரு ஆயிலை ஊற்றினால், அல்லது நாள் தள்ளிப்போட்டு மாற்றினால், பெல்ட்டின் ரப்பர் உதிர ஆரம்பிக்கும். உதிர்ந்த தூள் ஆயிலை உறிஞ்சும் குழாயின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஆயில் மேலே ஏறாது. எஞ்சினே போகும் அளவுக்குப் பெரிய செலவு. மீட்டரில் விளக்கு அணைந்திருக்கிறது என்ற நிம்மதி அந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவாது.

ஈகோஸ்போர்ட்டில் செய்யும் முறை

இதில் பட்டன் எதுவும் இல்லை, இரண்டு பெடல்கள்தான். அதனால்தான் பலருக்கும் இது தெரியவில்லை.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். பட்டன் ஸ்டார்ட் உள்ள வண்டி என்றால் கால் எந்தப் பெடலிலும் படாமல் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். கிளட்சை மிதித்துக்கொண்டு அழுத்தினால் எஞ்சின் ஓட ஆரம்பித்துவிடும். ஆட்டோமேட்டிக்காக இருந்தால் பி-யில் நிறுத்துங்கள். அதில் பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும், கவனம்.

மீட்டர் விளக்குகள் எல்லாம் வந்து நின்றதும், ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் ஒரே நேரத்தில் அடிவரை அழுத்திப் பிடியுங்கள். விடாதீர்கள். சில விநாடிகள் கழித்து ரீசெட் நடக்கிறது என்று திரையில் ஒரு வரி வரும். அப்போதும் விடக் கூடாது. ரீசெட் முடிந்தது என்று வரும்வரை பிடித்திருக்க வேண்டும். மொத்தத்தில் அரை நிமிஷம் வரை ஆகலாம். பிறகு காலை எடுத்து, சாவியை அணைத்து, சற்று விட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். அந்த வரி வராது. அதே காலத்து ஃபோர்டு கார்கள் பலவற்றிலும் இதே முறைதான்.

சரி, ஆகவில்லை என்றால்? நான் பார்த்த வரையில் முதல் காரணம் தரை விரிப்பு. கம்பெனி மேட்டுக்கு மேல் இன்னொரு தடி ரப்பர் மேட் போட்டிருப்பார்கள். ஆக்ஸிலரேட்டர் அதில் முட்டிக்கொண்டு அடிவரை போகாது. மேட்டை எடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். (அந்த இரட்டை மேட்டை அப்படியே எடுத்துவிடுவது ஓட்டுவதற்கும் நல்லது. பெடல் மாட்டிக்கொண்டால் ஆபத்து.) அடுத்தது, பிரேக் பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது என்று பயந்து சிலர் காலை எடுத்துவிடுவார்கள். எஞ்சின் ஓடாதபோது பிரேக் பூஸ்டரில் வேக்குவம் தீர்ந்துவிடும், அதனால் இரண்டு மூன்று தடவை மிதித்த பிறகு பெடல் இறுகத்தான் செய்யும். போகிற வரைக்கும் அழுத்திப் பிடித்தால் போதும். மூன்றாவது, ஓடுகிற எஞ்சினில் முயற்சி செய்வது. தயவுசெய்து வேண்டாம். முழு ஆக்ஸிலரேட்டரில் எஞ்சின் அலறும், ரீசெட்டும் ஆகாது.

மற்ற கார்கள்

எங்களிடம் அதிகம் வருகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஃபோக்ஸ்வாகனின் போலோ, வென்டோ போன்ற கார்களின் மீட்டரில் இரண்டு சின்ன பட்டன்கள் இருக்கும். ஒன்று ட்ரிப்பைப் பூஜ்யமாக்குவது, அதன் மேல் 0.0 என்று போட்டிருக்கும். இன்னொன்று கடிகாரம் திருத்துவது. சாவியை அணையுங்கள். ட்ரிப் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே சாவியை ஆன் செய்யுங்கள். பட்டனை விட்டுவிட்டு, 20 விநாடிக்குள் கடிகாரப் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். முடிந்தது. இந்தக் கார்களுக்கு இங்கே 15,000 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சர்வீஸ் செய்யாமல் நடுவில் ரீசெட் செய்யாதீர்கள், காட்டும் கணக்கு தப்பாகிவிடும் என்று கையேட்டிலேயே எச்சரிக்கையும் உண்டு.

ஹூண்டாயில் இது மெனுவுக்குள் இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் உள்ள பட்டன்களால் யூசர் செட்டிங்ஸ் போய், அதில் சர்வீஸ் இன்டர்வல் என்பதைத் தேடுங்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மாதம் என்று அங்கே நாமே வைத்துக்கொள்ளலாம். ஆயில் மாற்றியதும் ஓகே பட்டனை ஒரு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். பழைய மாடல்களில் இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்க வேண்டும். எனக்குப் பிடித்த முறை இதுதான், கண்ணுக்கு முன்னால் எல்லாமே தெரிகிறது.

டொயோட்டாவில் ட்ரிப் பட்டன் உள்ள பல மாடல்களுக்கு இந்த முறை: சாவியை ஆன் செய்து திரையில் ட்ரிப் ஏ தெரியும்படி வையுங்கள். சாவியை அணையுங்கள். ட்ரிப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுபடி ஆன் செய்து, திரையில் பூஜ்யங்கள் வந்து விளக்கு அணையும்வரை விடாமல் பிடியுங்கள். சில பழைய மாடல்களில் ட்ரிப் ஏ-வுக்குப் பதிலாக மொத்த கிலோமீட்டர் தெரியும்படி வைக்க வேண்டும்.

பெரிய தொடுதிரை உள்ள புதுக் கார்கள் பலவற்றில் வண்டி அமைப்புகளுக்குள் சர்வீஸ் என்று ஒரு பகுதி இருக்கும், அங்கேயே செய்துவிடலாம். பழைய ஆல்டோ, வேகன்-ஆர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை, அந்த மீட்டரில் இப்படி விளக்கு கிடையாது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றில் புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. கரி சேர்ந்ததும் கூடுதல் டீசலை விட்டு அதை எரித்துச் சுத்தம் செய்கிறார்கள். அந்த டீசலில் கொஞ்சம் ஆயிலில் கலக்கவும் செய்யும். நகரத்துக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டியில் இது அதிகம். ஆகவே சில கார்களில் ஆயிலின் ஆயுளை எஞ்சின் கம்ப்யூட்டர் தனியாகக் கணக்கு வைக்கும். அதை மீட்டர் பட்டனால் மாற்ற முடியாது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டி, ஆயில் மாற்றியாகிவிட்டது என்று பதிவு செய்ய வேண்டும். உங்கள் வண்டி அந்த வகையா என்று கையேட்டில் பார்த்துவிட்டு, ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்தில் ஆயில் மாற்றுவது நல்லது.

பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் விளக்கு போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெரும்பாலான கார்களில் இந்த எண்ணிக்கை கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. கடிகாரமும் கண்ணாடியின் ஆட்டோ செட்டிங்கும்தான் போகும், விளக்கு அப்படியே நிற்கும். ஹூண்டாய் கையேடு சொல்வது என்னவென்றால், பேட்டரி ஒயரைக் கழற்றினாலோ பேட்டரி இறங்கிவிட்டாலோ கிலோமீட்டரும் நாளும் தவறாகக் காட்டலாம் என்று. உள்ள கணக்கும் கெட்டுப்போவதில் என்ன லாபம்?

எப்போது அணைக்கக் கூடாது

"ஆயில் அடுத்த மாசம் பார்த்துக்கலாம் அண்ணே, இப்போதைக்கு அந்த லைட்டை மட்டும் அணைச்சுக் குடுங்க, கண்ணை உறுத்துது" என்று கேட்பவர்கள் உண்டு. நான் செய்து கொடுப்பதில்லை. கையில் காசு இல்லை என்றால் புரிகிறது, யாருக்கும் வரும் கஷ்டம்தான். அப்படியென்றால் விளக்கு எரியட்டும், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், டிப் ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பாருங்கள், காசு வந்ததும் வாருங்கள் என்றுதான் சொல்வேன். விளக்கு எரிந்தால் ஞாபகம் இருக்கும். அணைத்துவிட்டால் அடுத்த மாதம் என்பது அடுத்த 10,000 கிலோமீட்டர் ஆகிவிடும். அதற்குள் வண்டி கை மாறினால், வாங்குகிறவருக்கு எதுவுமே தெரியாது.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். விளக்கு எரியவில்லை என்பதை வைத்து ஆயில் மாற்றியிருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். அரை நிமிஷத்தில் யாரும் அணைத்துவிடலாம் என்று இப்போது உங்களுக்கே தெரியும். பில்லைக் கேளுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள், தார் மாதிரி கெட்டியாகப் படிந்திருந்தால் ஆயில் ரொம்ப நாள் மாற்றாமல் ஓடிய எஞ்சின்.

இதற்கு நேர்மாறாக, விளக்கு எரியாவிட்டாலும் ஆயில் மாற்ற வேண்டிய சந்தர்ப்பம் உண்டு. எங்கள் பக்கத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2015 வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் தண்ணீருக்குள் நின்றன. அப்படி நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் முதலில் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கடைக்குத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். மாற்றிய பிறகு, பழைய கணக்கில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் பாக்கி இருந்தாலும் ரீசெட் செய்துவிடுங்கள்.

ஒரு ஸ்டிக்கர்

ரீசெட் முடிந்ததும் டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, நான்கு விஷயம் எழுதுகிறேன்: மாற்றிய தேதி, மாற்றியபோது ஓடியிருந்த கிலோமீட்டர், ஆயிலின் தரம், அடுத்து எப்போது. நீங்கள் வேறு எங்கே மாற்றினாலும் இதை எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் மீட்டரைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பாக, ரீசெட்டைத் தாமதமாகச் செய்தவர்களுக்கு இந்த எண் கட்டாயம் வேண்டும். உதாரணமாக, 64,200-இல் ஆயில் மாற்றினீர்கள், விளக்கு எரிந்தபடியே ஓட்டி, இதைப் படித்துவிட்டு 67,000-இல் ரீசெட் செய்கிறீர்கள் என்று வையுங்கள். மீட்டர் 67,000-இலிருந்துதான் எண்ண ஆரம்பிக்கும், 77,000-இல்தான் சொல்லும். ஆனால் ஆயிலுக்கு 74,200-லேயே நேரம் வந்துவிடும். இந்த ஒரு சுற்றுக்கு மீட்டரை விட்டுவிட்டு ஸ்டிக்கரில் உள்ள எண்ணைப் பார்த்து வண்டியைக் கொண்டு வாருங்கள். அன்றைக்கே ரீசெட்டும் செய்துவிட்டால் அடுத்த சுற்றிலிருந்து இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்.